மூன்றாம் வாரத்தில் நின்றுவிடும் கிளையண்டுக்கு இலக்கு வைப்பது எப்படி?

சிங்கப்பூரின் ஈசூனில் பகுதிநேர உடற்பயிற்சிப் பயிற்றுநராக ஆரம்பித்தபோது, என்னிடம் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் மூன்றாம் வாரத்தோடு நின்றுவிடுவார்கள். பயிற்சித் திட்டம்தான் சரியில்லை என்று அதையே மாற்றி மாற்றி எழுதினேன். தவறு முதல் நாள் பேச்சில் இருந்தது. உடல்நலக் கேள்வித்தாள், இரத்த அழுத்தம் பார்ப்பது எல்லாம் பயிற்றுநர்களான உங்களுக்குத் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: எடைக்குப் பின்னால் என்ன?

52 வயது அக்கா ஒருவர், "பத்து கிலோ குறையணும் தம்பி" என்று வந்தார். எதற்காக என்று பொறுமையாகக் கேட்டபிறகுதான் சொன்னார். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து, சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை நடக்க வேண்டும். 3 கிலோமீட்டருக்கு மேல். போன வருஷம் பாதியிலேயே முட்டி விட்டுவிட்டதாம். எழுத வேண்டிய இலக்கு இதுதான். எடை தானாக ஏறும் இறங்கும், நடையை நாம் பழக்கலாம்.

படி 2: இந்த வாரத்துக்கு மட்டும்

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதை முதல் வாரமே தலையில் கட்டாதீர்கள். தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்பதும் 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண்தான். அக்காவுக்கு நான் கொடுத்தது வாரம் மூன்று நாள், பத்து நிமிடம், அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி நடை.

படி 3: பத்துக்கு எத்தனை?

நான் வழுக்கியது இங்கேதான். "இதை இந்த வாரம் செய்துவிடுவீர்கள் என்று பத்துக்கு எத்தனை நம்பிக்கை?" என்று கேட்க வேண்டும். ஒருவர் 4 என்றார். நான் உடனே, "ஏன் 8 இல்லை?" என்றேன். வேலை, பிள்ளைகள், மழை, முதுகுவலி என்று அடுக்கினார். தன்னால் ஏன் முடியாது என்பதற்கு என் முன்னாலேயே அவரை வாதாட வைத்துவிட்டேன். அவர் திரும்ப வரவில்லை.

கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: "4 சொன்னீர்களே, ஏன் 2 இல்லை?" இப்போது அவர் தன்னால் முடிந்ததைச் சொல்லத் தொடங்குவார். "ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடந்திருக்கேன்" என்பார். அந்த வார்த்தையை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரத் திட்டம் அதிலிருந்து வரட்டும். பிறகு, "இதை 7 ஆக்க எதைக் குறைக்கலாம்?" என்று கேளுங்கள். 7 வரும்வரை இலக்கைச் சுருக்குங்கள். பத்து நிமிடம் ஐந்தானாலும் பரவாயில்லை. ஐந்து நிமிடம் நடந்தவர் அடுத்த வாரமும் வருகிறார்.

படி 4: எப்போது, எதற்குப் பின்

"மாலையில் நடப்பேன்" போதாது. "இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும் செருப்பை மாட்டுவேன்" என்று அவரே சொல்லட்டும்.

படி 5: குறித்து வைப்பது

அடிகளை எண்ணும் ஹெல்தி 365 கைப்பேசிச் செயலி நல்லதுதான். ஆனால் என் ஓட்டு சமையலறையில் தொங்கும் தமிழ் நாட்காட்டிக்கே. நடந்த நாளில் பேனாவால் ஒரு வட்டம், வீட்டில் எல்லார் கண்ணிலும் படும். வாட்ஸ்அப் குழுவில் அடிக்கணக்குப் போட்டி வைக்காதீர்கள். பின்தங்கியவர்தான் முதலில் குழுவைவிட்டுப் போகிறார்.

ஒரு நாள் விட்டுப்போனால் பதற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 96 பேரிடம் செய்த ஆய்வில், பழக்கம் படிய எடுத்த நாள்களின் இடைநிலை 66, அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை போனது. ஒரு நாள் தவறியது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

பின்சேர்க்கை: ஷிஃப்ட் வேலை பார்ப்பவருக்கு "இரவு சாப்பாட்டுக்குப் பின்" சரிவராதே என்று இருவர் கேட்டார்கள். உண்மைதான். அவர்களுக்கு மணியையும் சாப்பாட்டையும் விட்டுவிட்டு, வேலை முடிந்து எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வெளியே வருவதோடு நடையைக் கட்டிவிடுங்கள். டிசம்பர் மழையில் அதுவும் சிரமம். அப்போது வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்கின் நீளமான தாழ்வாரத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடக்கச் சொல்லுங்கள். அந்த அக்கா இப்போது அப்படித்தான் நடக்கிறார், பதினைந்து நிமிடம்.