பழைய கார் றேஸ் கேம்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை பரந்தனில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகனும் அவன் கூட்டாளியும் லப்டொப்பில் தொண்ணூறுகளின் கார் றேஸ் கேம்களை ஒவ்வொன்றாக ஓடிப் பார்த்து, கொப்பியில் புள்ளி போட்டுக்கொண்டிருந்தார்கள். இருபது வருசத்துக்கு முன் கிளிநொச்சியில் நான் எழுதி வைத்திருந்த கொப்பியும் இப்படித்தான் இருந்தது. பிழைகளும் அதே பிழைகள்.

கேம் ஏறவில்லை, சத்தம் வரவில்லை என்பதெல்லாம் இரண்டு தரம் முட்டுப்பட்டால் தானாக விளங்கிவிடும். ஒப்பீட்டையே கெடுக்கிறவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கேமுக்குள் ஓடும் மணிக்கூட்டை நம்புவது

ஜெஃப் கிரம்மண்ட் எழுதிய கிராண்ட் பிரிக்ஸ் 2 கேம் 1996இல் வந்தது. 1994ஆம் ஆண்டின் ஃபோர்முலா 1 பாதைகளும் அணிகளும் அதில் உண்டு. ஒரு செக்கனுக்கு எத்தனை படம் வரைவது என்று அது முதலே தீர்மானித்துவிடும். கணினியால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாவிட்டால், வேறு கேம்களைப்போல இடையிலே சில படங்களை விட்டுவிட்டுப் பாயாது. உள்ளே இருக்கும் உலகம் முழுவதையும் மெதுவாக்கிவிடும். உங்கள் காரும் பிந்தும், எதிராளியின் காரும் பிந்தும், சுற்று நேரத்தை எண்ணும் மணிக்கூடும் சேர்ந்தே பிந்தும். திரையைப் பார்த்தால் எல்லாம் சரிபோலத்தான் இருக்கும்.

2004ஆம் ஆண்டு. ஏ9 பாதை திறந்து இரண்டு வருசம் ஆகியிருந்தது. நான் படிப்பித்த கணினி வகுப்பில் பின்னேரம் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை ஜெனரேற்றர் ஓடும். கேம் ஏற்றக்கூடிய கணினி இரண்டு: ஒன்று பென்டியம் 3, மற்றது யாரோ பாவித்துவிட்டுக் கொடுத்த பழைய பென்டியம். வகுப்பு முடிந்து மிஞ்சும் அரை மணித்தியாலத்தில் மொன்சா பாதையில் போட்டி வைப்போம். இரண்டு மாதச் சுற்று நேரங்களை ஒரு கொப்பியில் எழுதினேன்.

மல்லாவியிலிருந்து சைக்கிளில் வரும் பெடியன் ஒருவன் எப்போதும் பென்டியம் 3இல் ஓடுவான். ஒரு நாளும் அவன் முதலாவதாக வந்ததில்லை. பழைய கணினியில் ஓடியவன், "அண்ணை, இந்தக் கேமில வளைவெல்லாம் சுகம்" என்றான். நானும் அதை நம்பி, வளைவு எடுப்பதற்கு இதைவிட இலகுவான கேம் இல்லை என்று எழுதினேன். மல்லாவிப் பெடியனிடம், "தம்பி, பிரேக் பிடிக்கிற இடம் உனக்கு இன்னும் பிடிபடேல்லை" என்றேன்.

ஒரு நாள் ஜெனரேற்றர் நிற்க எத்தனை நிமிசம் இருக்கிறதென்று என் கைமணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய கணினியில் கார் கோட்டைத் தாண்டி, ஒரு சுற்றுப் போய், திரும்பவும் கோட்டைத் தாண்டியது. திரை காட்டியது 1 நிமிசம் 27 செக்கன். என் கையில் இரண்டு நிமிசம் கடந்திருந்தது. அந்தக் கேமில் 'ஓ' எழுத்தை அழுத்தினால் புறொசசரில் எத்தனை வீதம் பிடிபட்டிருக்கிறது என்று காட்டும். 140. பக்கத்துக் கணினியில் 60ஐத் தாண்டவில்லை. 100ஐத் தாண்டினால் உலகம் பிந்துகிறது என்று அர்த்தம். பிந்துகிற உலகத்தில் பிரேக் பிடிக்கலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்று யோசிக்கவே நேரம் கிடைக்கும். பிறகு வளைவு சுகமாகத்தானே இருக்கும்?

அதற்கிடையில் மல்லாவிப் பெடியன் வருவதை நிறுத்திவிட்டான். உண்மையான வேகத்தில் ஓடியவன் அவன் ஒருவன்தான். அதை அவனிடம் சொல்லக் கிடைக்கவில்லை. கொப்பியும் 2009இல் மற்றச் சாமான்களோடு போய்விட்டது. இன்றைக்கும் 'ஓ'வை அழுத்திப் பார்க்காமல் யாராவது தன் மொன்சா நேரத்தைச் சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஆகவே முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். 100க்கு மேலே நின்றால் சாலையோரத் தோற்றம், நிழல், வானம் என்று ஒவ்வொன்றாகக் குறையுங்கள். படத்தின் அளவையும் குறைக்கலாம்.

டொஸ்பொக்ஸில் (இன்றைய கணினிக்குள் பழைய டொஸ் கணினியைப் போலச் செய்து காட்டும் மென்பொருள்) ஓடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பரந்தனில் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. லப்டொப் பற்றரிக்கு மாறி, புறொசசரின் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. அடுத்த சுற்றில் மருமகன் தன் ஆகத் திறமான நேரத்தை எழுதினான்! டொஸ்பொக்ஸுக்குள் இருக்கும் கணினியின் வேகத்தைத் தீர்மானிக்கும் சைக்கிள்ஸ் எண்ணை 'மக்ஸ்', அதாவது முடிந்த மட்டும், என்று விட்டிருந்தால் அந்த வீதம் ஏறிக் காட்டிக்கொடுக்கும். ஒரு எண்ணில் நிறுத்தி வைத்திருந்தால் டொஸ்பொக்ஸுக்குள் இருக்கும் கணினி முழுவதும் ஒன்றாகப் பிந்தும், வீதம் அசையாது. அங்கே உங்கள் கைமணிக்கூடு ஒன்றுதான் சாட்சி.

எண்பதுகளின் கேம்கள் சிலவற்றில் வருத்தம் மறுபக்கம். 4.77 மெகாஹேர்ட்ஸ் புறொசசரை நம்பி எழுதியவை வேகமான கணினியில் கண்மண் தெரியாமல் பாயும். பழைய கணினிப் பெட்டியில் டர்போ பொத்தான் இருந்ததே அந்த வேகத்தை இறக்கத்தான். டொஸ்பொக்ஸில் கொன்ட்ரோல், எஃப்11 இரண்டையும் சேர்த்து அழுத்திக் குறையுங்கள்.

இனம் பாராமல் நிறுப்பது

மருமகன் 1998இன் கிராண்ட் பிரிக்ஸ் லெஜன்ட்ஸுக்குப் பத்துக்கு இரண்டு போட்டிருந்தான். "மாமா, அக்சிலறேற்றரில கால் வைக்க முதலே கார் சுத்துது." சுற்றத்தான் வேண்டும். அது 1967ஆம் ஆண்டுப் பருவம். அந்தக் கார்களுக்கு நிலத்தோடு அமத்திப் பிடிக்கும் இறக்கை கிடையாது, இயந்திரமோ பலமானது. அதை அவன் நீட் ஃபோர் ஸ்பீடோடு வைத்து நிறுத்திருந்தான். லெஜன்ட்ஸ் உண்மைக் காரைப் போலவே ஓடப் பார்க்கிற இனம், நீட் ஃபோர் ஸ்பீட் இலகுவாக ஓடி மகிழுகிற இனம். நீட் ஃபோர் ஸ்பீடை 1995இன் ஸ்க்ரீமரோடு வையுங்கள், லெஜன்ட்ஸைக் கிராண்ட் பிரிக்ஸ் 2ஓடு வையுங்கள். 1990இன் ஸ்டண்ட்ஸைத் தனியே வைத்துப் பாருங்கள். தலைகீழாகச் சுழலும் பாதையை நாமே கட்டி ஓடலாம் என்பதுதான் அதன் உயிர். பாதை கட்டாமல் அதற்குப் புள்ளி போடுவது அநியாயம்.

படத்தை அகலத்துக்கு இழுப்பது

320க்கு 200 புள்ளியில் வரைந்த படம் 4:3 மொனிற்றருக்கானது. அகலத் திரையை நிரப்பினால் கார் சப்பையாகும்.

கீபோட்டில் ஓடிய நேரத்தையும் ஸ்டியரிங்கில் ஓடிய நேரத்தையும் ஒரே நிரலில் எழுதுவது

கொப்பியில் இரண்டு நிரல் போடுங்கள்.

வெட்டின பதிப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்வது

அந்த நாளில் எங்களுக்குக் கிடைத்தவை, இடம் மிச்சம் பிடிக்க வீடியோவையும் பாட்டையும் வெட்டிப் பதிந்த சீடிகள். அதை ஓடிவிட்டு, முதலாவது நீட் ஃபோர் ஸ்பீடில் ஓட்டத்தைத் தவிர ஒன்றுமில்லை என்று எழுதினேன். முழுச் சீடி கைக்கு வந்தது பல வருசம் கழித்து. அதில் இருக்கும் எட்டுக் கார்களுக்கும் தனித்தனி வீடியோ உண்டு, குரல் விளக்கமும் உண்டு. மஸ்டா ஆர்எக்ஸ்-7இன் வீடியோவை மூன்று தரம் திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

மருமகனிடம் இருப்பதும் வெட்டின பதிப்புத்தான். வாற சனிக்கிழமை என் சீடியையும் கைமணிக்கூட்டையும் எடுத்துக்கொண்டு பரந்தனுக்குப் போகிறேன். கொப்பியில் முதல் பக்கத்திலிருந்து திரும்பவும் எழுதப்போகிறோம்.