அரசுக் கல்லூரியில் இருந்துகொண்டே அரசாங்கத்தை ஆய்வு செய்வது எப்படி?

அரசியல் அறிவியல் பேராசிரியர் என்று சொன்னதும் ஊரில் கேட்கும் முதல் கேள்வி, "நீங்க எந்தக் கட்சி மேடம்?" அடுத்தது, "யாரு ஜெயிப்பாங்க?" இரண்டுக்கும் என்னிடம் பதில் இருந்ததில்லை. ஊராட்சியின் இரண்டாம் எண் கணக்கிலிருந்து எதற்குப் பணம் போகும், காசோலையில் தலைவரோடு யார் கையெழுத்துப் போடுவார் என்று கேட்டால் சொல்வேன். (மின் கட்டணத்துக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும், துணைத் தலைவர்.) அரசுக் கலைக் கல்லூரிகளில் பாடம் நடத்திக்கொண்டே உள்ளாட்சி நிர்வாகத்தை ஆய்வு செய்து ஓய்வு பெற்றவள் நான். இதே வழியில் வர நினைக்கும் இளையவர்களுக்கு எழுதுகிறேன்.

வேலையில் சேர்வது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சி மையங்கள் போதுமான அளவு சொல்கின்றன. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, மொத்தம் 300 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவு கிடையாது. அதே தேர்வு வழியாக வரும் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் தயங்காமல் பிஎச்.டி.யில் சேருங்கள். எம்.ஃபில். என்ற நடுப்படியைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 விதிகளோடு எடுத்துவிட்டது. அரசுக் கல்லூரி வேலை ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக வரும். எப்போது வரும் என்பது வேறு கதை.

சேர்ந்த பிறகு வாரம் 16 மணி நேரம் வகுப்பு. அதற்கு மேல் தேர்வுப் பணி, சேர்க்கைப் பணி, தேர்தல் வந்தால் தேர்தல் பணி. ஆகவே ஆய்வுத் தலைப்பை டெல்லியில் தேடாதீர்கள். சனிக்கிழமை காலை பஸ் ஏறி மாலைக்குள் திரும்பிவிடக் கூடிய தூரத்தில் தேடுங்கள். இந்திய வெளியுறவுக் கொள்கை பற்றி ஆய்வேடு எழுதும் மாணவர்கள் வருடா வருடம் வருகிறார்கள். பத்துப் புத்தகங்களைப் பதினோராவது புத்தகமாக்குவதில்தான் அது பெரும்பாலும் முடிகிறது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் உங்கள் தலைப்பைத் தட்டிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

பக்கத்தில் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இந்தத் தலைப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. பழங்குடியினர் இட ஒதுக்கீடு தொடர்பான வழக்கில் தேர்தல் அறிவிப்பு ரத்தானது. அதன் பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான். ஊரகத் தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களுக்கு மட்டும் நடந்தது. காஞ்சிபுரம், விழுப்புரம், வேலூர், திருநெல்வேலி ஆகிய நான்கைப் பிரித்து ஒன்பதாக்கியிருந்ததால் அந்த ஒன்பதில் மட்டும் 2021 அக்டோபரில்தான் தேர்தல். அதாவது ஒரே சட்டம், ஒரே அரசு, ஒரே கொரோனா; ஆனால் ஒரு பக்கம் ஊராட்சித் தலைவர், இன்னொரு பக்கம் தனி அலுவலர், ஏறக்குறைய 21 மாதம். இதோடு நிற்கவில்லை. 2025 ஜனவரி 5-ஆம் தேதி, முதலில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்து அங்கே தனி அலுவலர்கள் வந்தார்கள். ஒன்பது மாவட்டங்களில் தலைவர்கள் தொடர்ந்தார்கள். அப்படியே தலைகீழ்! தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் இருப்பதால் ஊருக்கு என்ன வித்தியாசம் என்று கேட்க இதைவிட நல்ல வாய்ப்பு எந்த நாட்டில் கிடைக்கும்?

ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். அந்த ஒன்பதும் குலுக்கல் போட்டு எடுத்தவை அல்ல. சென்னையை ஒட்டிய காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஊராட்சிகளின் வீட்டுவரி வருமானத்தைச் சிவகங்கையோடு நேராக வைத்து ஒப்பிட்டால் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடுவீர்கள். மாவட்ட எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள, மண்ணும் தொழிலும் ஒன்றுபோல இருக்கும் ஒன்றியங்களாக எடுங்கள். தென்காசி மாவட்டத்து ஓர் ஒன்றியம், அதை ஒட்டிய விருதுநகர் மாவட்டத்து ஓர் ஒன்றியம். அவ்வளவு போதும், 12,500 சொச்சம் ஊராட்சிகளையும் நீங்கள் பார்க்க வேண்டாம்.

முதலில் காகிதம், அப்புறம் ஆள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். காகிதம் பார்க்காமல் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போய் உட்கார்ந்தால் அவர் துறை வருடா வருடம் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பை ஒப்பித்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். துறையின் கொள்கை விளக்கக் குறிப்புகளை வருடவாரியாக இறக்கி, எந்த வருடம் எந்தப் பத்தி காணாமல் போனது என்று பாருங்கள். சேர்க்கப்படுவதைவிடக் கழற்றப்படுவதுதான் அதிகம் பேசும். பட்ஜெட்டில் அறிவித்த தொகையை மேற்கோள் காட்டாதீர்கள். இரண்டு வருடம் கழித்து வரும் பட்ஜெட்டில் 'கணக்குகள்' என்ற நெடுவரிசையில் உள்ளதுதான் செலவான பணம். ஊராட்சித் திட்டமும் செலவும் ஒன்றிய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் இருக்கும், அரைகுறையாக. அரசாணை தேடும்போது எண் மட்டும் போதாது. ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு வருடமும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். எண், துறை, நாள் மூன்றும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ஆணை என்றால் எழும்பூர் ஆவணக் காப்பகம். பக்கத்திலேயே கன்னிமாரா நூலகம் இருப்பதால் ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாம் என்று நினைப்பீர்கள். முடியாது.

மீதிக்குத் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. "ஆராய்ச்சிக்காக" என்றுகூட எழுத வேண்டாம். அலுவலகம் மாறிப் போனாலும் பிரிவு 6(3)-இன்படி 5 நாளில் உரிய இடத்துக்கு அவர்களே மாற்ற வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீடு. எல்லோருக்கும் தெரிந்த இந்த நடைமுறையைவிட, கேட்கும் விதம்தான் முக்கியம்.

"கிராம சபை ஏன் ஒழுங்காக நடக்கவில்லை?" என்று கேட்டால் "தங்கள் கேள்வி தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒரு வரியில் பதில் வரும். அவர்கள் சொல்வது சட்டப்படி சரியும்கூட. பதிவேட்டின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: இன்ன ஊராட்சி, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, தீர்மானப் பதிவேட்டின் நகல், கிராம சபை வருகைக் கையெழுத்துப் பக்கங்களின் நகல். ஒரு மனுவில் ஓர் ஊராட்சி போதும். பக்கம் நிறைய வரும் என்று தெரிந்தால் நகல் கேட்காமல், நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு, முதல் மணி நேரம் இலவசம். நேரில் பார்க்கும்போது நகலில் தெரியாத விஷயங்கள் கண்ணில் படும்: ஆறு மாதத் தீர்மானங்கள் ஒரே பேனா மையில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருப்பது போன்றவை.

இதன் பிறகு ஆட்களிடம் போங்கள். பணியில் இருப்பவரைவிட ஓய்வு பெற்ற அலுவலர் பத்து மடங்கு பேசுவார், அதிலும் பென்ஷன் ஆணை கைக்கு வந்த பிறகு. ஊராட்சிச் செயலாளரைத் தவறவிடாதீர்கள். தலைவர் மாறினாலும் தனி அலுவலர் வந்தாலும் அவர் அங்கேயேதான் இருப்பார். பெண் தலைவர்களின் வீட்டுக்குப் போனால் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நான்தாங்க எல்லாம் பாக்குறேன், கேளுங்க" என்பார். அவரோடு சண்டை போடாதீர்கள். அவரையும் தனியாகப் பேட்டி எடுங்கள், அதுவும் தரவுதான். தலைவரை ஊரக வேலைத் திட்டப் பணி நடக்கும் இடத்தில் போய்ப் பாருங்கள். மாணவிகளைக் களத்துக்கு அழைத்துப் போனது எனக்கு இங்கேதான் கைகொடுத்தது. என்னிடம் சொல்லாததை அவர்களிடம் சொன்ன தலைவர்கள் உண்டு.

இப்போது சங்கடமான பகுதி. அரசுக் கல்லூரி ஆசிரியர் அரசு ஊழியர். 1973-ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகள் உங்களுக்கும் பொருந்தும். அரசை விமர்சித்துப் பேசவோ எழுதவோ தடை இருக்கிறது. இதைக் காட்டிப் பயமுறுத்துவதற்குத் துறையிலேயே யாராவது இருப்பார்கள். பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். புத்தகம் போடுவதற்கு முன் கல்லூரி முதல்வர் வழியாக எழுதி அனுமதி கேளுங்கள், கொடுத்த கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். குறையைச் சொல்லும் இடத்தில் உங்கள் பெயரடைகளை நீக்கிவிட்டு, உள்ளாட்சி நிதித் தணிக்கையின் ஆட்சேபணையையோ தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையையோ சட்டமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் பரிந்துரையையோ வையுங்கள். அரசே அரசைப் பற்றி எழுதியது அது.

அரசுப் பணத்தில் அரசுத் திட்டத்தை மதிப்பீடு செய்ய அழைத்தால் போகலாமா? போகலாம், ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு. தரவு யாருக்குச் சொந்தம், அறிக்கை கொடுத்தபின் எத்தனை மாதத்தில் நீங்கள் கட்டுரையாக வெளியிடலாம், இறுதி வடிவத்தில் யார் திருத்தலாம் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். "அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம்" என்று ஒரு துறை எனக்குச் சொன்னபோது, பார்த்துக்கொண்ட பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்று வந்துவிட்டேன். இரண்டு வாரத்தில் வாசகம் சேர்த்து அனுப்பினார்கள். சமூக அறிவியல் ஆய்வுகளுக்குப் பணம் தரும் ஐசிஎஸ்எஸ்ஆர் போன்ற அமைப்புகளின் நிதியில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் பணம் தவணையாக வரும், செலவைக் கணக்குக் காட்டும் பயனீட்டுச் சான்றிதழ் போகாமல் அடுத்த தவணை நகராது. ஆட்டோக்காரரிடம்கூட ரசீது வாங்கப் பழகுங்கள்.

கட்டுரை வெளியிடுவது பற்றி ஒன்று. 2025 பிப்ரவரியில் ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் கேர் பட்டியலை மானியக் குழு கைவிட்டது. காசு வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் அச்சிடும் இதழ்களுக்கு இப்போது கொண்டாட்டம். பதவி உயர்வுக் கோப்பில் அவை எண்ணிக்கையைக் கூட்டும். உங்கள் துறையில் நீங்கள் மதிக்கும் ஒருவர் அந்த இதழைப் படிப்பாரா என்று மட்டும் பாருங்கள்.

அறிக்கையின் முதல் பக்கத்தில், தமிழில், ஒரே பக்கச் சுருக்கம் வையுங்கள். துறைச் செயலாளர் அதை மட்டும்தான் படிப்பார். இன்னொரு நகலை நீங்கள் போன ஒவ்வோர் ஊராட்சிக்கும் அனுப்புங்கள், ஒப்புகை அட்டையோடு. பேட்டிக் குறிப்பேடுகளைத் துறை அலமாரியில் வைக்காதீர்கள். மாறுதல் வந்தால் அலமாரி உங்களோடு வராது.