கண்புரை ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்கு வந்தாச்சா? சொட்டு மருந்து விடுவது இப்படித்தான்

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ வேறு எங்கேயோ கண்புரை ஒப்பரேசன் செய்துவிட்டு வந்த அம்மாவோ உம்மாவோ அப்பப்பாவோ உங்கள் வீட்டில் இருந்தால், இது அவருக்கு மருந்து விடப்போகிற உங்களுக்குத்தான். ஒப்பரேசன் பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். புரை விழுந்த வில்லையை எடுத்துவிட்டு செயற்கை லென்ஸ் வைத்து, அன்றைக்கோ மறுநாளோ துண்டு வெட்டி அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு நாலைந்து கிழமைக்கு அந்தக் கண்ணைப் பார்த்துக்கொள்வது வீட்டு ஆட்களின் வேலை.

முதலில் மருந்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பெரும்பாலும் இரண்டு வகை சொட்டு மருந்து தருவார்கள். ஒன்று கிருமி தொற்றாமல் இருக்க, மற்றது வீக்கம் குறைய. போத்தல்கள் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், அதனால் ஒவ்வொன்றிலும் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள், எந்தக் கண் என்பதையும் சேர்த்து. திறந்த திகதியையும் எழுதுங்கள், ஏனென்றால் திறந்து நாலு கிழமையானால் மிச்சம் இருந்தாலும் வீசிவிட வேண்டும். வீக்கத்துக்கான மருந்தைக் கிழமைக்குக் கிழமை குறைத்துக்கொண்டு வரச் சொல்வார்கள். கண் தெளிந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் போடுகிற குளிசைகளும் வழமைபோலத் தொடரட்டும்.

இனி மருந்து விடுவது

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியில் துடையுங்கள். இமையில் பீளை ஒட்டியிருந்தால், கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த சுத்தமான கோஸ் துண்டால் மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஒரு முறை துடைத்து அந்தத் துண்டை எறிந்துவிடுங்கள். அதே துண்டால் திரும்பத் துடைக்க வேண்டாம்.

அவரைப் படுக்க வையுங்கள். கதிரையில் இருந்தபடி தலையைச் சாய்ப்பதை விட இது லேசு, முதல் தடவை விடுபவருக்குக் கையும் நடுங்காது. மருந்து கலங்கலாக இருந்தால் போத்தலைக் குலுக்கிக்கொள்ளுங்கள். முகட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டு, கீழ் இமையை மட்டும் ஒரு விரலால் மெதுவாகக் கீழே இழுத்தால் சின்னப் பை மாதிரி ஒரு இடம் தெரியும். அதற்குள் ஒரு சொட்டு விட்டால் போதும். நல்லதுக்கு என்று சிலர் இரண்டு மூன்று விடுவார்கள், கண்ணுக்குள் அவ்வளவு இடம் இல்லை, மிச்சமெல்லாம் கன்னத்தில்தான் வழியும். போத்தல் நுனி இமையிலோ மயிரிலோ படவே கூடாது, பட்டால் கிருமி போத்தலுக்குள் போய்விடும். மேல் இமையைத் தூக்குகிறேன் என்று கண்முழியை அழுத்துவதும் ஆகாது.

சொட்டு விழுந்ததும் கண்ணை இறுக்கிச் சிமிட்டாமல் சும்மா மூடியிருக்கச் சொல்லுங்கள், ஒன்றிரண்டு நிமிடம். தொண்டையில் கசப்புத் தெரியலாம், பயப்பட ஒன்றும் இல்லை. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடமாவது விடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். களிம்பும் தந்திருந்தால் அது கடைசியில்.

மற்றக் கவனங்கள்

இரவில் படுக்கும்போது, கண்ணைப் பாதுகாக்க வைத்தியசாலையில் தந்த பிளாஸ்டிக் மூடியைக் கண்ணுக்கு மேல் ஒட்டிவிடுங்கள், தூக்கத்தில் கை தானாகக் கண்ணைக் கசக்கும். தலைக்கு ஊற்றுவது, வாவியில் இறங்குவது, தண்ணீர்க் குடம் தூக்குவது எல்லாம் டொக்டர் சொல்லும் வரைக்கும் வேண்டாம். விறகடுப்புப் புகையும், பெரும்போக அறுவடை நேரத்து வயல் தூசியும் அப்படித்தான். கோயிலில் விழுந்து கும்பிடுவதற்கும் தொழுகையில் சுஜூது செய்வதற்கும் தலையைத் தாழ்த்த வேண்டும் என்பதால், கொஞ்ச நாளைக்கு நின்றபடியோ கதிரையில் இருந்தபடியோ செய்யலாமா என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டு மாமி நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் என்று ஏதாவது சொல்லுவா. நல்ல மனதோடுதான் சொல்லுவா, ஆனால் ஒப்பரேசன் செய்த கண்ணுக்குள் அதில் ஒன்றும் போகக் கூடாது.

எப்போது ஓட வேண்டும்

சில நாளைக்கு மண் விழுந்த மாதிரி உறுத்துவதும், கண்ணீர் வடிவதும், வெள்ளைச் சீலை கொஞ்சம் நீலமாகத் தெரிவதும் வழமை. ஆனால் வலி கூடிக்கொண்டே போனால், சிவப்பு ஏறினால், சீழ் வந்தால், மின்னல் அடிக்கிற மாதிரித் தெரிந்தால், தெளிந்த பார்வை திரும்ப மங்கினால், கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்காதீர்கள். உள்ளே கிருமி தொற்றியிருந்தால் ஓரிரு நாளிலேயே பார்வை போய்விடலாம். இரவு என்றாலும் கிளினிக் கொப்பியையும் மருந்துப் போத்தல்களையும் எடுத்துக்கொண்டு, கண் பிரிவு உள்ள வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அடியுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம்.

கண்ணாடி விசயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். பார்வை ஒரு நிலைக்கு வர நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும், அதற்கு முன் அளவு பார்த்துச் செய்கிற கண்ணாடி பிறகு பொருந்தாமல் போகலாம்.