உப்புக்காற்றும் இயங்க மறுக்கும் கணினியும்

பாம்பன், மண்டபம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் கணினி இயங்க மறுத்தால், மதர்போர்டு (பாகங்களையெல்லாம் இணைக்கும் முதன்மை மின்சுற்றுப் பலகை) பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன், உப்புக்காற்றால் இணைப்பு முனைகளில் ஏற்படும் அரிப்பையும் சந்தேகிக்க வேண்டும்.

கணினிக்குள் இருக்கும் மின்விசிறியே சுழலவில்லை என்றால், பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டியான பவர் சப்ளைக்குப் பதிலாக, நல்ல நிலையிலுள்ள வேறொன்றை மாட்டிப் பாருங்கள். பழையதை ஒருபோதும் திறக்காதீர்கள். மின்சாரம் நின்ற பின்னும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

விசிறி சுழன்றும் திரை இருண்டே இருந்தால், மின்னிணைப்பைத் துண்டித்து, கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னை நீக்கிய பிறகு, ராம் எனப்படும் நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் மென்மையாகத் துடைத்து, நன்கு உலர்ந்தபின் பூட்டு விழும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ராம் இருப்பின், ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தால் பழுதானது தெரியவரும்.

பாகத்தை மாற்றித்தரக் கேட்கும்போது ரசீதும் வரிசை எண்ணும் கையில் இருக்கட்டும். அரிப்பைக் காரணம் காட்டி உத்தரவாதத்தை மறுக்கும் நிபந்தனைகள் பரவலாக இருப்பதால், அவற்றை முன்னரே படித்துவிடுவது மிக அவசியம்.