மோஷன் சென்சாருக்கு கண்ணு கிடையாது: முதல் தடவை மாட்டுறவங்களுக்கு

ஆள் வந்தா தானா லைட் எரியுதே, அதை நாமளே செஞ்சு பாத்தா என்னன்னு தோணுனவங்களுக்குத்தான் இது. எலக்ட்ரானிக்ஸ் பெருசா தெரிஞ்சிருக்கணும்னு இல்ல, ஒயர் சொருகத் தெரிஞ்சா போதும்.

முதல்ல ஒரு விஷயம், இது மட்டும் மண்டையில ஏறிட்டா மிச்சமெல்லாம் ஈஸி. மோஷன் சென்சாரா நாம வாங்கப்போறது பிஐஆர் (PIR) சென்சார், அது அசைவைப் பாக்குறதே இல்ல, அதுக்குத் தெரியுறது சூடுதான். நம்ம உடம்பு எந்நேரமும் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் கதிரை விட்டுக்கிட்டே இருக்கு, கிட்டத்தட்ட 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்துல. சென்சாருக்குள்ள அதை உணர்ற துண்டு ரெண்டு இருக்கும், ரெண்டும் எதிரும் புதிருமா இணைச்சிருப்பாங்க. மொத்த ரூமும் ஒரே மாதிரி சூடானா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கழிச்சுக்கும், சிக்னல் வராது. ஆள் குறுக்க நடந்தா முதல்ல ஒண்ணுல சூடு படும், அப்புறம் இன்னொண்ணுல, அந்த வித்தியாசம்தான் 'யாரோ வந்துட்டாங்க'ங்கிற சேதி. மேல வெள்ளையா கவுத்து வச்ச கிண்ணம் மாதிரி இருக்கே, அது சும்மா மூடி இல்ல, ஃப்ரெனெல் லென்ஸ். அந்தக் கட்டம் கட்டமான வடிவம்தான் ரூமை பல பகுதியா பிரிச்சு உள்ள குவிக்குது.

ஸ்டெப் 1: எச்.சி-எஸ்ஆர்501 (HC-SR501) மாட்யூல் ஒண்ணு, அதாவது நம்ம பிஐஆர் சென்சார் இருக்குற சின்ன போர்டு, புரோகிராம் ஏத்தி ஓட்டுற ஆர்டுயினோ யூனோ போர்டு ஒண்ணு, ஜம்பர் ஒயர் மூணு. அவ்ளோதான்.

ஸ்டெப் 2: மாட்யூல்ல மூணு பின் இருக்கும். ஓரத்துல இருக்குறது பவர், நடுவுல அவுட்புட், இன்னொரு ஓரம் கிரவுண்டு. எந்த ஓரம் எதுன்னு லென்ஸை மெதுவா கழட்டிப் பாத்தா போர்டுலயே எழுதியிருக்கும், எங்கயோ பாத்த படத்தை நம்பி சொருகாதீங்க, எல்லா போர்டும் ஒரே மாதிரி வர்றதில்ல. பவரை 5 வோல்ட்டுக்கும், கிரவுண்டை கிரவுண்டுக்கும், அவுட்புட்டை 2ஆம் நம்பர் பின்னுக்கும் ஆர்டுயினோல குடுங்க.

ஸ்டெப் 3: ஆர்டுயினோல ஏத்துற கோடு, அதாவது புரோகிராம், ரொம்ப சின்னது. 2ஆம் பின்னை இன்புட்டா வைங்க, 13ஐ அவுட்புட்டா வைங்க, திரும்பத் திரும்ப ஓடுற லூப்புக்குள்ள 2ஐப் படிச்சு ஹை (ஆன்) வந்தா 13ஐ ஹை பண்ணுங்க, இல்லனா லோ (ஆஃப்). 13ல போர்டோட சொந்த எல்இடியே இருக்குறதால தனியா பல்பு தேட வேண்டாம்.

ஸ்டெப் 4: பவர் குடுத்துட்டு ஒரு நிமிஷம் சும்மா இருங்க. நான் முதல் தடவை இங்கதான் கோட்டை விட்டேன், பவர் குடுத்ததும் எல்இடி கண்டபடி எரிஞ்சு அணைஞ்சுது, சரி மாட்யூல் அவுட்டுன்னு முடிவு பண்ணி தூக்கி ஓரமா போட்டுட்டேன். ரூமோட சூட்டுக்குப் பழக அதுக்கு அந்த ஒரு நிமிஷம் வேணும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

ஸ்டெப் 5: ஆரஞ்சு கலர்ல திருகுற குமிழ் ரெண்டு இருக்கும். ஒண்ணு தூரம், சுமாரா 3 மீட்டர்ல இருந்து 7 மீட்டர் வரைக்கும். இன்னொண்ணு எவ்ளோ நேரம் எரியணும்ங்கிறது, சில செகண்டுல இருந்து 5 நிமிஷம் வரைக்கும் போகும். டெஸ்ட் பண்ணும்போது நேரத்தை கம்மி பண்ணிடுங்க, இல்லனா அது எப்ப அணையும்னு உக்காந்து பாத்துட்டே இருக்கணும். மாட்யூல்லயே ஜம்பர்னு ஒரு குட்டி மூடி இருக்கும், ஒயர் இல்ல, பின்னுல மாத்தி சொருகுறது. அது எச் (H) பக்கம் இருந்தா நீங்க அசைஞ்சுட்டு இருக்குற வரைக்கும் எரிஞ்சுட்டே இருக்கும், எல் (L) பக்கம் இருந்தா நீங்க அசைஞ்சுட்டே இருந்தாலும் வச்ச நேரம் முடிஞ்சதும் அணைஞ்சு திரும்ப எரியும். லைட்டுக்கு எச் தான் சரி. இன்னொண்ணு, அணைஞ்ச உடனே ரெண்டு மூணு செகண்டு அது எதையும் கண்டுக்காது, பழுதுன்னு நினைச்சுடாதீங்க.

இப்ப ஒரு சின்ன வெளையாட்டு. எல்இடி அணைஞ்சதும் ஒரு கண்ணாடித் துண்டை லென்ஸுக்கு முன்னாடி பிடிச்சு, அதுக்குப் பின்னாடி கையை ஆட்டுங்க. கை பளிச்சுன்னு தெரியுது, ஆனா எல்இடி கம்முன்னு கிடக்கும். உடம்புச் சூட்டோட கதிர் சாதாரண கண்ணாடியைத் தாண்டாது, அதனாலதான் ஜன்னலுக்கு உள்ள வச்சு வெளிய வர்ற ஆளைப் பிடிக்க முடியாது. சென்சாரைப் பாத்து நேரா நடந்து வர்றதை விட குறுக்க போறப்போ சட்டுன்னு எரியுறதையும் கவனிங்க, காரணம் அந்த ரெண்டு துண்டுதான். அதனால வாசலுக்கு நேரெதிரா வைக்காதீங்க, ஆள் குறுக்க கடக்குற மாதிரி பக்கத்துச் சுவர்ல வைங்க.

ஆளே இல்லாம எரியுதா? வெயில் நேரா அடிக்குதா, ஹீட்டர் காத்து மேல படுதான்னு பாருங்க. வைஃபை போர்டை ஒட்டி வச்சிருந்தாலும் இந்தக் கூத்து நடக்கும், கொஞ்சம் தள்ளி வைங்க. கடும் வெயில் காலத்துல ரூம் சூடு உடம்புச் சூட்டை நெருங்குச்சுன்னா தூரம் குறையும், அதுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது.

நிஜ லைட்டை இதோட இணைக்கணும்னா நடுவுல ரிலே மாட்யூல் வேணும், ஆர்டுயினோவோட சின்ன சிக்னலை வச்சு மெயின் கரண்டை ஆன் ஆஃப் பண்ற சுவிட்சு அது. மெயின் கரண்ட் பக்கத்து ஒயரிங்கை மட்டும் எலக்ட்ரீஷியன் கையில விட்டுடுங்க.