ஊட்டியிலிருந்து ரேஸுக்கு இறங்கும்போது டயர் காற்று

கிளப் ரேஸுக்காக ஊட்டியிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு கோவை பக்கத்தில் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்குப் போகிறீர்களா? வீட்டிலேயே காற்று பார்த்தாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், கோவை 400 மீட்டர்தான். கீழே வெளிக்காற்றின் அழுத்தம் அதிகம். அதனால் அதே டயர், அதே சூட்டில், கேஜில் கிட்டத்தட்ட 3 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) குறைத்துக் காட்டும். சமவெளி வெயில் கொஞ்சம் ஏற்றிவிடும்தான், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போட முடியாது. டிராக்குக்குப் போய், நிழலில் நிறுத்தி, டயர் நன்றாக ஆறியபிறகு பாருங்கள். ஓடிவிட்டு வந்ததும் சூட்டோடு சூடாக இன்னொரு முறை பார்த்து, நாலு டயரையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

குன்னூர் இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே வாருங்கள், பிரேக் ரொம்பச் சூடாகிவிடாமல் இருக்கும். அப்புறம், சாயங்காலம் மலை ஏறுமுன் ரோட்டுக்குரிய அளவுக்குக் காற்றை மறுபடி சரிசெய்துகொள்ளுங்கள்.