கணவாயைத் தாண்டியாச்சு, டிரெக் இன்னும் முடியவில்லை

டிரெக், அதாவது பல நாள் மலை நடை, போகிற ஒரு குழு எந்த மனநிலையில் இருக்கிறது என்று அறிய, காலையில் கூடாரத்தைச் சுருட்டுவதைப் பார்த்தால் போதும். முதல் நாள் ஒவ்வொரு முளையையும் மண் தட்டி, எண்ணி உறைக்குள் போட்டவர், ஆறாம் நாள் எல்லாவற்றையும் ஈரத்தோடு அள்ளிப் பைக்குள் திணிக்கிறார். உச்சியோ கணவாயோ தாண்டியாகிவிட்டது, இனி இறக்கம்தான். உடம்பு மலையில் இருக்க, மனசு முன்கூட்டியே வீட்டுக்குப் போய்ச் சுடுதண்ணீரில் குளித்துக்கொண்டிருக்கிறது. மலையை முழுங்கின மகாதேவனுக்குக் கதவு அப்பளம் என்கிற அந்த நினைப்பில்தான் கடைசி நாட்களின் தவறுகள் பலவும் தொடங்குகின்றன. புதிதாக யாரும் எதையும் தப்பாகச் செய்வதில்லை. ஐந்து நாள் ஒழுங்காகச் செய்ததை ஆறாம் நாள் விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

முதல் தவறு, இறக்கத்தைச் சுலபம் என்று நினைப்பது. ஏறும்போது மூச்சு வாங்குகிறது, அதனால் கஷ்டம் உடனே தெரிகிறது. இறங்கும்போது மூச்சு சீராக இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடம்பையும் பையையும் சேர்த்துத் தாங்குகிறது. வண்டியின் பிரேக் செய்கிற வேலை அது. தசை இழைகள் நுணுக்கமாகச் சேதப்படுகின்றன, ஆனால் வலி அன்றைக்கே முழுசாக வராது. ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும். முதல் இறக்க நாளில் துள்ளிக்கொண்டு ஓடியவர், கடைசி நாளில் பக்கவாட்டில் கால் வைத்து நண்டு மாதிரி இறங்குவது இதனால்தான்.

நேரக் கணக்கும் இங்கேதான் தப்புகிறது. மலை நடைக்கு நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார்: சுமாராக 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இறக்கத்துக்கு அதில் தனியாக எதுவும் இல்லை. பின்னாளில் லாங்மியூர் என்ற மலையேறி அதைத் திருத்தினார். மிதமான சரிவில் 300 மீட்டர் இறங்க 10 நிமிடம் கழித்துக்கொள்ளலாம், செங்குத்தான சரிவிலோ 10 நிமிடம் கூட்ட வேண்டும். அப்படியானால் 1,200 மீட்டர் செங்குத்து இறக்கத்துக்கு 40 நிமிடம் கூடுதல். அதுவும் கால் நன்றாக இருப்பவருக்குச் சொன்ன கணக்கு. ஒரு வாரம் நடந்து ஓய்ந்த முழங்காலுக்கு இன்னும் தாராளமாக விடுங்கள்.

இறங்கத் தொடங்குவதற்கு முன்பே, வலி வந்த பிறகு அல்ல, ஐந்து நிமிடம் உட்கார்ந்து சில வேலைகளை முடித்துவிடலாம். கால் நகத்தை வெட்டுங்கள். குதிகாலை ஷூவின் பின்பக்கம் நன்றாக அழுத்தி, கணுக்கால் பக்கத்து லேஸை இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் பாதம் முன்னால் சறுக்கி, பெருவிரல் இடித்து இடித்து நகம் கறுத்துவிடும். கைக்கம்பை 5 முதல் 10 செ.மீ. நீட்டிக்கொள்ளுங்கள். அடியைச் சின்னதாக வைத்து, முழங்காலை லேசாக மடித்தே இறங்குங்கள். பாதத்தில் ஓரிடம் சூடாக உரசுகிறதா, அங்கேயே நின்று பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள். "இன்னும் ரெண்டு மணி நேரம்தானே" என்று பொறுத்துக்கொண்டால் சாயங்காலம் அது கொப்புளம்.

அடுத்தது, குழு இழுபட்டுப் போவது. என் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் மோசம். வேகமானவர்கள் பறந்துவிடுகிறார்கள், முழங்கால் வலிக்காரர் வால்பகுதியில் தனியாக வருகிறார். முன்னால் போனவர்கள் இருபது நிமிடம் பாறையில் சாய்ந்து ஓய்வெடுத்திருப்பார்கள். இவர் வந்து பையை இறக்குவதற்குள் "வந்துட்டீங்களா? சரி, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு அதிகம் தேவைப்படுகிறவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. கடைசியாக வருபவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகுதான் ஓய்வு நேரமே தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே பெரும்பாலும் ஒரே பாதைதான். கீழே வர வர ஆடுமாடு போகிற தடம், விறகுக்குப் போகிற தடம் என்று கிளை பிரியும். ஒவ்வொரு பிரிவிலும் பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை நிற்க வேண்டும். முதலுதவிப் பை வேகமாக நடப்பவரிடம் இருக்கக் கூடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு டிரெக்கின் கடைசிக்கு முந்தைய நாள், முதல் ஆளாக இறங்கி ஷூவைக் கழற்றி ஓடையில் கால் நனைத்துக்கொண்டிருந்தேன். நண்பர் ஒருவர் மேலே, கரடுமுரடே இல்லாத புல்வெளித் தடத்தில், பேசிக்கொண்டே நடந்து கணுக்காலைப் பிசகிக்கொண்டார். எலாஸ்டிக் பேண்டேஜ் என் பையில். அவர்கள் மப்ளரைச் சுற்றிக்கொண்டு காத்திருந்தார்கள். ஈர சாக்ஸோடு முக்கால் மணி நேரம் திரும்ப ஏறினேன். அன்றிலிருந்து அந்தப் பை கடைசி ஆளோடுதான் வரும்.

"ரெண்டு நாள் நடையை ஒரே நாளில் முடிச்சிடலாமே" என்ற யோசனை வராத குழு இருக்காது. சாயங்காலம் வண்டி, ராத்திரி விமானம் என்று முன்பதிவு செய்திருந்தால் யோசனை கட்டாயமாகவே மாறிவிடும். பனி உருகி ஓடும் ஓடைகளில் அதிகாலையில் தண்ணீர் குறைவாகவும், வெயில் ஏறியபின் மதியத்துக்கு மேல் அதிகமாகவும் இருக்கும். இரண்டு நாளைச் சேர்த்தால், மறுநாள் காலையில் முழங்கால் ஆழத்தில் கடக்க வேண்டிய ஓடைக்கு இன்று மாலை, அது இரைந்து ஓடும் நேரத்தில், களைத்த காலோடு போய் நிற்பீர்கள். ஊர் திரும்பும் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளியே போடுங்கள்.

உயரத்தால் வரும் தலைவலி இறங்கினால் சரியாகிவிடும் என்பது பெரும்பாலும் உண்மை. 300 முதல் 1,000 மீட்டர் இறங்கினாலே பலருக்குத் தெளிந்துவிடும். அதற்காக அவரைத் தனியாக முன்னால் அனுப்பிவிடக் கூடாது. நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் தெரிந்தால் அது சாதாரணத் தலைவலி அல்ல. பக்கத்தில் ஆள் இருக்க, உடனே கீழே இறக்கி மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

சாப்பாட்டையும் எரிவாயுவையும் சுமை குறையட்டும் என்று காலி செய்துவிடாதீர்கள். ஒரு வேளைச் சாப்பாடு சாலையைத் தொடும்வரை பையில் இருக்கட்டும். தண்ணீர் விஷயத்தில் மேலே இருந்ததைவிடக் கீழேதான் கவனம் வேண்டும், ஏனென்றால் ஓடை மேய்ச்சல் நிலத்தையும் ஊர்களையும் தாண்டி வருகிறது. ஜியார்டியா கிருமி உள்ளே போய் ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்துத்தான் வயிற்றைக் கலக்கும். வீட்டுக்கு வந்தபின் சாப்பிட்ட ஹோட்டலைத் திட்டிக்கொண்டிருப்போம்.

அப்புறம், யார் பாத்திரம் கழுவவில்லை, யார் குறட்டை விட்டார் என்ற பஞ்சாயத்தெல்லாம் குளித்துச் சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம். பாதி வழக்கு அதற்குள் தள்ளுபடியாகிவிடும்.

சாலைக்கு வந்ததும் தலை எண்ணுங்கள். கிளம்பும்போது "இந்த நாளைக்குள் வந்துவிடுவோம்" என்று யாரிடம் சொன்னீர்களோ, சோதனைச் சாவடியில் பெயர் எழுதியிருந்தால் அங்கேயும், வந்து சேர்ந்ததைச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் தூங்கிக்கொண்டிருக்க, உங்களைத் தேடி ஆட்கள் மலையேறிக்கொண்டிருப்பார்கள். ஈரத்தோடு திணித்த கூடாரத்தை வீடு வந்த அன்றைக்கே விரித்துக் காயப்போடுங்கள், இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் பூஞ்சைதான் இருக்கும். முளைகளையும் எண்ணிப் பாருங்கள். எப்படியும் இரண்டு குறையும்.